டிராயருக்குள் ஒரு கவிதை

ஓட்டல் அறைக்குள் நுழைந்ததும் கட்டிலுக்குப் பக்கத்து டிராயரைத் திறந்து பார்க்கிற பழக்கம் உண்டா உங்களுக்கு? எனக்கு உண்டு. புனேயில் குப்பை கொட்டும் ஆடிட்டர் நான். மாதத்தில் பத்து நாளாவது நாக்பூர், இந்தூர், ராய்ப்பூர் என்று எங்காவது போய் யாருடைய கணக்கையாவது குடைந்துகொண்டிருப்பேன். டிராயரில் பெரும்பாலும் லாண்டரி லிஸ்ட், எழுதாத பேனா. சில இடங்களில் கிடியன்ஸ் பைபிள். ஊர் ஊராய்ச் சுற்றிய அமெரிக்க விற்பனைப் பிரதிநிதிகள் 1899-ல் ஆரம்பித்த சங்கம் அது. 1908-ல் மொன்டானா மாநிலத்து ஓட்டல் ஒன்றில் முதன்முதலாக பைபிள் வைத்தார்கள். யாரும் கேட்கவில்லை. யார் படிப்பார் என்றும் தெரியாது. வைத்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான்.

அதற்குப் பக்கத்திலேயே ஒரு கவிதைத் தொகுப்பையும் வைத்தால் என்ன என்று ஒருத்தர் கேட்டார். ஜோசப் பிராட்ஸ்கி. 1987-ல் நோபல் பரிசு வாங்கிய ரஷ்யக் கவிஞர். சொந்த நாடு துரத்திவிட்ட ஆசாமியை 1991-ல் அமெரிக்கா தன் அரசவைக் கவிஞராக்கியது (கொடுத்துவைத்தவர்!). அந்த வருஷம் அக்டோபரில் வாஷிங்டன் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் பேசியபோதுதான் இந்த யோசனையைச் சொன்னார். 25 கோடிப் பேர் இருக்கும் தேசத்தில் ஒரு கவிதைப் புத்தகம் 2,000 முதல் 10,000 பிரதிதான் அச்சாகிறது என்று அங்கலாய்த்தார். கவிதை பெட்ரோல் பங்க் மாதிரி திரும்பின பக்கமெல்லாம் இருக்கவேண்டும், தொழிற்சாலை வாசலில்கூடப் புத்தகக் கடை வேண்டும் என்றார். நாட்டிலுள்ள எல்லா மோட்டல் அறைகளிலும், டிராயருக்குள், பைபிளை ஒட்டி ஒரு கவிதைத் தொகுப்பு. டெலிபோன் டைரக்டரி பக்கத்தில் கிடப்பதையே பொறுத்துக்கொள்ளும் பைபிள் இதற்கா கோபித்துக்கொள்ளும் என்று ஒரு நக்கல் வேறு.

ஜோக் மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் அவர் வந்த வழியைப் பார்த்தால் சிரிப்பு வராது.

லெனின்கிராடில் பிறந்து, பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். ஃபாக்டரி, பிணவறை என்று கிடைத்த வேலை எல்லாம் பார்த்தார். அவர் கவிதைகளில் அங்கே அச்சேறியது சொற்பம். மற்றதெல்லாம் சமிஸ்தாத். அதாவது டைப்ரைட்டரில் கார்பன் வைத்து நாலைந்து நகல் அடித்து, கைமாற்றி, கைமாற்றிப் படிப்பது. அதற்கும் முந்தின ஸ்டாலின் காலத்தில் காகிதமே ஆபத்து. அன்னா அக்மதோவா துண்டுச் சீட்டில் கவிதையை எழுதி நீட்டுவார். தோழி வாசித்து மனப்பாடம் செய்ததும் ஆஷ்டிரேயில் போட்டுக் கொளுத்திவிடுவார். அந்த அக்மதோவாவின் செல்லப்பிள்ளைதான் நம் பிராட்ஸ்கி.

1964-ல் 'சமூக ஒட்டுண்ணி' என்று வழக்குப் போட்டார்கள். உன்னைக் கவிஞன் என்று சேர்த்துக்கொண்டது யார் என்று கேட்டார் நீதிபதி. மனித இனத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டது யார் என்று திருப்பிக் கேட்டார் இவர். வயது 23! ஃப்ரீதா விக்தோரோவா என்ற பத்திரிகையாளர் கோர்ட்டில் உட்கார்ந்து எடுத்த குறிப்புகளும் டைப் நகலாகச் சுற்றி, மேற்கு நாடுகள்வரை போய்விட்டன. தீர்ப்பு: ஐந்து வருஷம் கடும் உழைப்பு. வடக்கே ஆர்க்காங்கெல்ஸ்க் பிராந்தியத்தில் நோரென்ஸ்கயா என்ற குக்கிராமத்துக்கு அனுப்பினார்கள்.

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அந்தக் கிராமம்தான். பகலில் விறகு வெட்டு, எரு அள்ளு. ராத்திரி குடிசையில் ஆங்கிலம் படிப்பு. மாஸ்கோ நண்பர் ஒருவர் ஆங்கிலக் கவிதைத் தொகுப்பு ஒன்றை அனுப்பியிருந்தார். பிரித்த பக்கத்தில், முழுக்கத் தற்செயலாக, டபிள்யூ. எச். ஆடன் எழுதிய கவிதை. 1939-ல் யேட்ஸ் இறந்தபோது எழுதியது. மொழியைப் பற்றி அதில் வருகிற சில வரிகளைப் படித்துவிட்டு, நம்பமுடியாமல் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததாகப் பின்னால் எழுதுகிறார். ஆடனுக்கு நோரென்ஸ்கயா என்று ஒரு ஊர் இருப்பதே தெரிந்திருக்காது.

எதிர்ப்புக் கிளம்பியதால் 1965-லேயே விட்டுவிட்டார்கள். 1972 ஜூனில் நாட்டை விட்டே ஏற்றி அனுப்பினார்கள். விமானம் இறங்கியது வியன்னாவில். பக்கத்துக் கிராமம் ஒன்றில்தான் ஆடன் கோடையைக் கழித்துக்கொண்டிருந்தார். போய் நின்றார். 1973-ல் பெங்குவின் வெளியிட்ட பிராட்ஸ்கி தொகுப்புக்கு முன்னுரை, ஆடன்.

இப்போது அந்த டிராயர் யோசனையைத் திரும்பப் பாருங்கள். தடை போட்ட நாட்டில் நாலு கார்பன் நகல் ஊரெல்லாம் போனது. தடையே இல்லாத நாட்டில் 2,000 பிரதி அலமாரியிலேயே கிடந்தது. தனக்கு நடந்த தற்செயலை மற்றவர்களுக்கும் ஏற்பாடு பண்ணித்தர ஆசைப்பட்டார் மனுஷன் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தேடி வருகிறவனுக்கு லைப்ரரி இருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்குத் தூக்கம் வராமல் டிராயரைக் குடைகிற என்னை மாதிரி ஆளுக்கு? (புத்தகத்தைச் சுட்டுக்கொண்டு போய்விடுவார்களே என்பீர்கள். கணக்குப்பிள்ளை புத்திக்கு அது சரக்கு இழப்பு. ஆனால் இந்த வியாபாரத்தில் காணாமல் போவதை வரவில்தான் எழுதவேண்டும்.)

அந்தப் பேச்சைப் படித்துவிட்டு ஆண்ட்ரூ கரோல் என்ற கல்லூரி மாணவர் பிராட்ஸ்கிக்குக் கடிதம் போட்டார். இருவரும் சேர்ந்து 1993-ல் கவிதைப் புத்தகங்களை இலவசமாகக் கொடுக்க ஒரு அமைப்பு தொடங்கினார்கள். ஓட்டல், ஆஸ்பத்திரி, ரயில் நிலையம் என்று புத்தகங்கள் போயின. 1998 ஏப்ரலில் கரோல் ஒரு டிரக்கை எடுத்துக்கொண்டு அமெரிக்காவின் குறுக்கே ஓட்டிப்போய், வழியெல்லாம் ஒரு லட்சம் புத்தகங்களைக் கொடுத்தார்.

பிராட்ஸ்கி அதைப் பார்க்கவில்லை. 1996 ஜனவரியில், நியூயார்க்கில், மாரடைப்பு. வயது 55.