இடம் கேட்டு ஏறிய கோள்கள்

வேளச்சேரியில் மொட்டை மாடி உள்ளவர்க்கு ஸ்ரீஹரிகோட்டா வெகு தொலைவில் இல்லை. வடக்கே எண்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவே. வானம் தெளிந்த இரவில் ராக்கெட் ஏவப்படும்போது, அடுக்குமாடிகளின் தலைக்கு மேலாக ஒரு செம்மஞ்சள் ஒளி எழுந்து, வளைந்து, கடற்பக்கமாய்ச் சென்று மறைவதை நம் பங்கு மக்களில் பலர் பார்த்திருக்கின்றனர். மறுநாள் திருப்பலி முடிந்து வெளியே வருவோர் நம்மிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “இந்தத் தடவை எத்தனை, ஃபாதர்?”

எண்ணிக்கையில் நமக்கு ஆசை அதிகம். 2017 பிப்ரவரி 15 அன்று பி.எஸ்.எல்.வி. ராக்கெட் ஒன்று 104 செயற்கைக்கோள்களை ஒரே பயணத்தில் கொண்டு சென்றபோது நாடே அந்த எண்ணை உச்சரித்தது. அவற்றுள் 101 பிற நாடுகளுக்குரியவை. 714 கிலோ எடையுள்ள கார்ட்டோசாட்-2 வகைக் கோளே அன்றைய முதன்மைப் பயணி. மற்ற 103-ம் சேர்ந்து 664 கிலோதான். 2021 ஜனவரி 24 அன்று அமெரிக்க ராக்கெட் ஒன்று 143 கோள்களை ஏற்றிச் சென்று அந்த எண்ணையும் முந்தியது. எண்ணைச் சொன்னதும் செய்தி முடிந்துவிடுகிறது. ஆனால், ‘கோள் பிரிந்துவிட்டது’ என்பது ராக்கெட்டை ஏவியவர் சொல்லும் சொல். ‘பிழைத்திருக்கிறேன்’ என்பதைக் கோள்தான் சொல்ல வேண்டும். அது மிக மெல்லிய வானொலிக் குரலில் அதைச் சொல்கிறது. அக்குரலுக்கு ‘பீக்கன்’ என்று பெயர். அதைக் கேட்டு உலகுக்கு அறிவிப்பவர்களுள் பலர் சம்பளம் வாங்காதவர்கள், கோளுக்கு எவ்வகையிலும் உரிமை இல்லாதவர்கள். நாம் எழுத விரும்புவது அவர்களையும் உள்ளடக்கிய ஒரு வரலாறு.

முதற் குரல் 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் நாட்டின் ஸ்புட்னிக்கிலிருந்து வந்தது. அது 83.6 கிலோ எடையுள்ள ஓர் உலோகப் பந்து. இருபது மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவெண்ணில் அது ‘பீப், பீப்’ என்று ஒலித்ததால், சாதாரணச் சிற்றலை வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்களும் கேட்டனர். எனினும் ஸ்புட்னிக் தனக்கென்றே எழுந்த ராக்கெட்டில் போனது. பிறர் வண்டியில் இடம் கேட்டு ஏறிய கதை நான்காண்டுகள் கழித்துத் தொடங்கியது. கலிபோர்னியாவைச் சேர்ந்த அமெச்சூர் வானொலியாளர் சிலர் தம் வீட்டுப் பட்டறைகளில் ஏறத்தாழ நாலரைக் கிலோ எடையில் ‘ஆஸ்கர்-1’ என்ற கோளைச் செய்தனர். அமெரிக்க விமானப்படையின் ராக்கெட்டில் சமநிலைக்காக வைக்கப்பட்டிருந்த வெற்று எடை ஒன்றை எடுத்துவிட்டு, அவ்விடத்தை இவர்களுக்குக் கொடுத்தார்கள். 1961 டிசம்பர் 12 அன்று அது புறப்பட்டது. தந்தி மொழியில் ‘ஹை’ என்ற ஒரே சொல்லைத்தான் அது ஓயாமல் சொல்லிற்று. 0.14 வாட் ஆற்றல், டார்ச் விளக்கின் பல்புக்கும் குறைவு. அச்சொல் வரும் வேகத்தை வைத்துக் கோளின் வெப்பநிலையைக் கணக்கிட்டனர். 28 நாடுகளிலிருந்து 570-க்கும் மேற்பட்டோர் ‘கேட்டோம்’ என்று எழுதி அனுப்பினர். மூன்று வாரங்களில் கதை முடிந்தது. வெற்று எடைக்கு மாற்றாகப் போன பொருளுக்கு இத்தனை உறவினர்!

தும்பா ஆலயத்தின் கதையை நம் வாசகர் பலமுறை கேட்டிருப்பர். மீனவர் ஆலயம் விண்வெளிக்கு இடம் கொடுத்ததையும், 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் எழுந்ததையும் இங்கு மீண்டும் விரிக்கப் போவதில்லை. நம் கதைக்கு வேண்டியது அதற்கு 36 ஆண்டுகள் பிந்திய ஒரு நாள். 1999 மே 26 அன்று இந்திய ராக்கெட் முதன்முறையாக அயல்நாட்டுக் கோள்களுக்கு இடம் தந்தது. ஒன்று கொரியாவுடையது, மற்றது ஜெர்மனியுடையது. அவ்வாறு இடம் கொடுக்கப் பழகிய பின்னரே நம் நாட்டு அமெச்சூர்களுக்கும் ஓர் ஓரத்து இருக்கை வாய்த்தது.

2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலையைச் சென்னைக் கடற்கரை மக்கள் மறக்க இயலாது. அன்று அந்தமானில் தொலைபேசிகள் அடங்கிவிட்ட வேளையில், தற்செயலாகப் போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்த ஓர் அமெச்சூர் வானொலிக் குழுவே தீவுகளின் செய்தியைப் பெருநிலத்துக்குக் கொண்டு சேர்த்தது. ஐந்து மாதங்கள் நிறைவதற்குள், 2005 மே 5 அன்று, 1,560 கிலோ எடையுள்ள கார்ட்டோசாட்-1 உடன் 42.5 கிலோ எடையுள்ள ‘ஹாம்சாட்’ ஏறிச் சென்றது. அமெச்சூர்களுக்கென்றே இஸ்ரோ செய்து கொடுத்த கோள் அது. அதில் இரண்டு மறு ஒலிபரப்பிகள். ஒன்றை இந்தியரும் மற்றொன்றை டச்சு அமெச்சூர் ஒருவரும் உருவாக்கினர். அன்று ஏவுதளத்துக்கு நேரில் வந்திருந்தவர் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம்.

ஹாம்சாட்டின் குரலை நாம் கேட்டிருக்கிறோம். 2007-ஆம் ஆண்டு, வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் வந்து சேர்ந்த ஆண்டு அது. பங்கு இளைஞர் ஒருவர், பொறியியல் மாணவர், ஓரிரவு பத்து மணியளவில் பங்கு இல்லத்தின் மாடிக்கு வர அனுமதி கேட்டார். கையில் ஒரு பெட்டியும், பழைய தூர்தர்ஷன் காலத்து மீன்முள் ஏரியலைப் போன்ற ஒன்றும். அவர் தெற்கே, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கம் ஏரியலை நீட்டிக் காத்திருந்தார். இரைச்சலுக்குள்ளிருந்து மெல்லிய சீழ்க்கை ஒன்று எழுந்தது. பன்னிரண்டு நிமிடம், அந்தச் சீழ்க்கை நம் தலைக்கு மேலாகக் கிண்டிப் பக்கம் நகர்ந்து, சுருதி இறங்கி இறங்கி, மறைந்தது. எங்களுடன் நின்றிருந்த கோயிற்பிள்ளை, வயது எழுபதுக்கு மேல், கேட்டார்: “யாரைக் கூப்பிடுது தம்பி அது?”

“யாரையும் இல்ல தாத்தா. கேக்குறவங்க கேட்டுக்கலாம்.”

பெரியவர் நம்பவில்லை. யாரையும் குறிக்காமல் ஒருவன் இப்படி விடாமல் கூப்பிடுவானா என்பது அவர் வாதம். அவர் ஐயம் நியாயமானதே என்று பின்னர் படித்தறிந்தபோது தோன்றிற்று.

சுருதி இறங்கியது ஏன்? பரங்கிமலை நிலையத்தில் நில்லாமல் போகும் விரைவு வண்டியின் ஊதல், நெருங்கும்போது கூர்மையாகவும் கடந்தபின் தாழ்ந்தும் ஒலிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அதே காரணம்தான். கோள் நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில் செல்வதால் வானொலி அலைக்கும் அது நேர்கிறது. 1957-இலேயே, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வகத்தில் கையர், வைஃபன்பாக் என்ற இரு இளைஞர்கள் ஸ்புட்னிக்கின் இந்தச் சுருதி இறக்கத்தை மட்டும் வைத்தே அதன் பாதையைக் கணித்துவிட்டனர். மொட்டை மாடியில் நிற்பவருக்கும் இன்று அது பயன்படுகிறது. பல கோள்கள் ஒரே ராக்கெட்டிலிருந்து நிமிட இடைவெளிகளில் உதிரும்போது, முதற்சில நாள்களில் எது எதுவென்று எவருக்கும் திட்டமாகத் தெரிவதில்லை. அமெரிக்க ராடார்கள் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண்ணையும் பாதைக் கணக்கையும் கொடுக்கும். ஆனால் பெயர் கொடுக்க அவற்றால் ஆகாது, எல்லாம் புள்ளிகள்தாம். மாணவர்கள் தங்கள் பிள்ளை இந்தப் புள்ளியா, அதற்கு முப்பது நொடி பின்னால் வரும் புள்ளியா என்று தவிப்பர். அப்போது எங்கோ ஓர் அமெச்சூர், தமக்குத் தெரிந்த அலைவெண்ணில் அந்தக் கோளின் குரலைப் பிடித்து, சுருதி மிக வேகமாய் இறங்கிய நொடியைக் குறித்துக்கொள்கிறார். கோள் அவர் மாடிக்கு மிக அண்மையில் வந்த நொடி அதுவே. எந்தப் புள்ளியின் கணக்கு அந்நொடியோடு பொருந்துகிறதோ, அதுவே அந்தக் கோள். பிள்ளைக்குப் பெயர் கிடைத்துவிட்டது. இதைச் செய்பவர் பெரும்பாலும் அந்தக் கல்லூரியின் பெயரைக்கூட முன்பு கேட்டிராதவர்.

இப்போது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வருவோம். வேளச்சேரியிலிருந்து வெகு தொலைவில் இல்லாத குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில், கலாம் பயின்ற அதே இடத்தில், அண்ணா பல்கலைக்கழகத்தார் 40 கிலோ எடையில் ‘அனுசாட்’டைச் செய்தனர். இஸ்ரோவின் வழிகாட்டுதலில் ஓர் இந்தியப் பல்கலைக்கழகம் செய்த முதற் கோள் அது. 2009 ஏப்ரல் 20 காலை அது புறப்பட்டது. செய்திகளைப் பெற்று, சேமித்து, வேறோரிடத்தில் இறக்கி வைப்பது அதன் பணி. அதற்கு இடம் கொடுத்த முதன்மைப் பயணி ரிசாட்-2, இரவிலும் மேகத்திலும் நிலத்தைப் பார்க்கும் ராடார் கண். மும்பைத் தாக்குதல் நடந்து ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. நாட்டின் காவற்கண்ணும் மாணவர்களின் அஞ்சற்காரனும் ஒரே வண்டியில்!

ஷேர் ஆட்டோவில் ஏறுகிறவன் ஓட்டுநரின் வழியில்தான் போக வேண்டும். வழக்கமான தொலையுணர்வுக் கோள்கள் துருவங்களுக்கு மேலாகச் செல்லும். ரிசாட்டோ நிலநடுக்கோட்டுக்கு 41 பாகைச் சாய்விலான பாதையை வேண்டியது, அனுசாட்டும் அவ்வழியே போயிற்று. 2011 அக்டோபர் 12 அன்று காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். மாணவர்களின் 10.9 கிலோ கோள் சென்ற கதை இன்னும் வியப்பானது. வெப்பமண்டல மழையை ஆராயும் ‘மேகா-ட்ராபிக்ஸ்’ அதன் புரவலன், சாய்வு 20 பாகை மட்டுமே. ஆகவே எஸ்.ஆர்.எம்.சாட் நம் தலைக்கு மேல் ஒரே நாளில் பலமுறை வரும். வட ஐரோப்பாவின் தேர்ந்த அமெச்சூர்களுக்கோ அது அடிவானத்துக்கு மேல் எழுவதே இல்லை. நல்ல காதுகள் மிகுதியாய் உள்ள நாடுகளை விட்டு விலகியே ஒரு சிறு கோள் சுற்ற நேர்ந்தது. இதை எந்த வெற்றிச் செய்தியும் எழுதவில்லை.

விருந்தாளிக்கு வேறு கட்டுப்பாடுகளும் உண்டு. 1999-இல் அமெரிக்கப் பேராசிரியர்கள் பாப் ட்விக்ஸ், ஹோர்டி புய்க்-சுவாரி ஆகிய இருவரும் பத்து சென்டிமீட்டர் கனசதுரத்தைக் கல்லூரிக் கோள்களுக்கு ஓர் அளவாக வகுத்தனர். அந்த விதிமுறையின்படி, பயணம் முழுதும் கோள் மின்சாரம் அணைந்து உறங்க வேண்டும். வெளியே தள்ளப்பட்ட பின்னும் அரைமணி நேரமாவது வாய் திறக்கலாகாது. புரவலனின் பணிக்கு இடையூறு நேரக்கூடாதென்பதே காரணம். நியாயமான விதிதான். ஆனால் மாணவர்களுக்கு அதுவே நெடிய அரைமணி. விழித்ததா, இல்லையா? செம்மஞ்சேரி சத்யபாமா மாணவர்களின் 1.5 கிலோ கோள் 2016 ஜூன் 22 அன்று 19 கோள்களோடு சேர்ந்து சென்றபோதும் இதே காத்திருப்பு இருந்திருக்கும்.

கோள்கள் மடிவது பெரும்பாலும் மின்கலத்தால். ஹாம்சாட் திட்டமிட்ட காலத்தைக் கடந்து ஒன்பது ஆண்டு ஒலித்து, மின்கலம் பழுதாகி, 2014 ஜூலையில் அடங்கியது. 2008 ஏப்ரல் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன டச்சு மாணவர்களின் டெல்ஃபி-சி3 கோளிலோ மின்கலமே கிடையாது. வெயில் பட்டால் பேசும், நிழலில் உறங்கும். அது பதினைந்து ஆண்டு சுற்றி, 2023 நவம்பரில்தான் வீழ்ந்தது. அதன் தகவல்களை உலகெங்கும் அமெச்சூர்கள் சேகரித்து அம்மாணவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தனர். இன்னும் விந்தையானது 1974-இல் அமெரிக்க வானிலைக் கோளுடன் இடம் கேட்டு ஏறிய ‘ஆஸ்கர்-7’. மின்கலப் பழுதால் அது 1981-இல் அடங்கியது. 2002 ஜூன் 21 அன்று இங்கிலாந்தில் ஓர் அமெச்சூர் எதையோ தேடியவராய் அலைவெண்ணைத் திருப்ப, இருபத்தொரு ஆண்டு மௌனமாயிருந்த குரல் கேட்டது. பழுதான மின்கலம் தானாகவே இணைப்பு விட்டுப்போக, சூரிய ஒளி நேராக வானொலிக்குப் பாய்ந்திருக்கிறது. அன்று அவர் திருப்பியிராவிட்டால் அது யாருக்கும் தெரியாமலேயே பேசிக்கொண்டிருந்திருக்கும்.

அனுசாட் 2012 ஏப்ரல் 18 அன்று காற்று மண்டலத்தில் எரிந்தது. அதன் புரவலன் ரிசாட்-2 அதற்குப் பத்தாண்டு பின், 2022 அக்டோபர் 30 அன்று விழுந்தது. எஸ்.ஆர்.எம். கதையில் இது தலைகீழ். மேகா-ட்ராபிக்ஸை இஸ்ரோ 2023 மார்ச் 7 அன்று திட்டமிட்டே பசிபிக் கடலின் மேல் இறக்கியது. எந்திரம் ஏதுமில்லாத விருந்தாளி 860 கிலோமீட்டர் உயரத்தில் இன்னும் சுற்றுகிறது. தன்னால் இறங்க முடியாத இடத்தில் இறக்கிவிடப்பட்ட பயணி அது. நூற்றுக்கணக்கில் ஏற்றி அனுப்பும் இக்காலத்தில், இறங்கும் வழியையும் முன்னரே கேட்டுக்கொண்டு ஏற்றுவது நல்லது என்பது நம் கருத்து.

2022 ஆகஸ்ட் 7 ஞாயிற்றுக்கிழமை. காலை 9.18-க்கு இஸ்ரோவின் புதிய சிறு ராக்கெட் எஸ்.எஸ்.எல்.வி. முதன்முறையாக எழுந்தது. அதில் இஸ்ரோவின் கோளோடு ‘ஆசாதிசாட்’ என்ற எட்டுக் கிலோ கோளும் இருந்தது. நாடெங்கும் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவியர் செய்த, ஐம்பது கிராம் அளவிலான 75 சிறு கருவிகள் அதனுள் இருந்தன. நம் மதுரை மாவட்டத் திருமங்கலத்துப் பெண் பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. அவற்றை ஒருங்கிணைத்தது சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா நிறுவனம். கடைசி நேரத்தில் உணர்கருவிகளின் தகவலில் ஏற்பட்ட குழப்பத்தால், 356 கிலோமீட்டர் உயர வட்டத்தில் விட வேண்டிய கோள்களை, ஒரு முனை 76 கிலோமீட்டருக்கு இறங்கும் நீள்வட்டத்தில் ராக்கெட் விட்டுவிட்டது. 76 கிலோமீட்டரில் காற்று உண்டு. கோள்கள் இனிப் பயன்படா என்று இஸ்ரோவே அன்று மாலைக்குள் அறிவித்தது. திருப்பலிக்குப் பின் நம் மாடியில் கூடிய சிறுவர் சிறுமியர் கேட்ட கேள்வி எண்ணைப் பற்றியதாக இல்லை: “அவங்க செஞ்சது என்னாச்சு, ஃபாதர்?”

ஆறே மாதத்தில், 2023 பிப்ரவரி 10 வெள்ளிக்கிழமை, அதே 9.18 மணிக்கு, அதே வகை ராக்கெட் மீண்டும் எழுந்தது. 156 கிலோ எடையுள்ள இஸ்ரோவின் இ.ஓ.எஸ்.-07, ஓர் அமெரிக்கக் கோள், அவற்றோடு ஆசாதிசாட்-2. இம்முறை மூன்றும் 450 கிலோமீட்டர் உயரத்தில் உரிய இடத்தில் இறங்கின. அன்று பள்ளி நாள், ஆதலால் மாடியில் நாமும் கோயிற்பிள்ளையின் மகனும் மட்டுமே நின்றோம். பகல் வெளிச்சத்தில் வெண்புகைக் கோடு ஒன்றைத் தவிர வேறேதும் தெரியவில்லை.