யாருடைய திருப்தி?

பணித் திருப்தி என்பது ஊழியரின் மனசுக்குள் கிடக்கிற ஒரு சரக்கு, படிவத்தை நீட்டி ஐந்து கட்டங்களில் ஒன்றை டிக் அடிக்கச் சொன்னால் வெளியே வந்துவிடும் என்பது மேலாண்மையியலின் நம்பிக்கை. இந்த நம்பிக்கை இடறியது பெண்களிடத்தில். சம்பளமும் பதவியும் குறைவாயிருந்தும், பிரிட்டனில் ஆண்களைவிடப் பெண்களே அதிகத் திருப்தி தெரிவிப்பதை 1997இல் ஆண்ட்ரூ கிளார்க் எழுதினார். அவர்களின் எதிர்பார்ப்பு குறைவு என்பது அவர் தந்த விளக்கம். இளையவர்களிடமும் மேற்படிப்புப் படித்தவர்களிடமும் இந்த வித்தியாசம் மறைந்துபோவதையும் அவர் காட்டினார்.

சரி, எதிர்பார்ப்பு தானாகவா குறையும்? நம் பழைய அரசுப்பணி விதிகளைப் புரட்டினால் அது எழுத்திலேயே குறைக்கப்பட்டிருந்தது தெரியும்.

சென்னை பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் படித்த சி.பி. முத்தம்மா 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். அப்பணிக்கான 1961ஆம் ஆண்டு விதிப்படி பெண் அதிகாரி கல்யாணத்துக்கு முன் அரசின் எழுத்துமூலமான அனுமதி பெறவேண்டியிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு, குடும்பக் கடமைகள் வேலைக்கு இடைஞ்சலாகும் என்று அரசு 'திருப்தி' அடைந்தால், ராஜினாமா செய்யச் சொல்லலாம் என்றிருந்தது. சட்டமொழியில் இந்தச் சொல்லுக்கு உறுதிப்படுதல் என்றுதான் அர்த்தம். என்றாலும் கவனியுங்கள்: அந்த விதியில் திருப்தியடையும் உரிமை பெற்ற ஒரே ஆள் அரசுதான்.

பதவி உயர்வு மறுக்கப்பட்ட முத்தம்மா உச்சநீதிமன்றம் போனார். கல்யாணமான ஆணுக்கும் இதே இடைஞ்சல் வரலாமே என்று 1979இல் கேட்டார் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். ஆனால் வழக்கு நடக்கும்போதே முத்தம்மாவுக்குப் பதவி உயர்வு தரப்பட்டுவிட்டதால் மனு தள்ளுபடியானது.

அப்போது பொதுத்துறையிலிருந்த ஏர் இந்தியாவில் விமானப் பணிப்பெண்ணுக்கு 35 வயது, முதல் நான்கு வருடத்துக்குள் கல்யாணம், முதல் கர்ப்பம் இவற்றில் எது முந்துகிறதோ அதோடு வேலை முடிந்தது. 1981இல் உச்சநீதிமன்றம் கர்ப்ப விதியை ரத்து செய்தது. கல்யாண விதி நியாயமானதே என்றது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் படிவமோ மாதவிலக்கு விவரம், எத்தனை முறை கருத்தரித்தீர்கள் என்றெல்லாம் கேட்டது. தகுதிகாண் பருவத்தில் நீக்கப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கில், 1991இல்தான் அந்தக் கேள்விகளை எடுத்துவிடும்படி நீதிமன்றம் சொன்னது.

இப்படிப்பட்ட படிவங்களைத் தாண்டி வந்தவரிடம் இன்னொரு படிவத்தை நீட்டி 'வேலை எப்படி இருக்கு?' என்றால், 'கெடச்சதே பெருசுங்க' என்ற பதில் வருவதில் ஆச்சரியமில்லை. அதற்காக அந்தத் திருப்தி பொய்யாகிவிடாது. மாசம் பொறந்தா தன் கையில் தன் சம்பளம் என்பது சின்ன விஷயமல்ல. ஆனால் அது வேலையைப் பற்றிய மதிப்பெண்ணும் அல்ல. வேலைக்கு வெளியே எதுவுமில்லாமல் இருந்த நிலைமையோடு ஒப்பிட்டுச் சொன்னது.

பொதுத்துறைப் பெண்களின் அதிருப்திக்கு நீண்ட வரலாறு உண்டு. அது ஆய்வாளர்களின் அட்டவணைகளில் கிடைக்காது. வழக்குக் கட்டுகளில் கிடக்கிறது. கிளார்க் பார்த்த இளம்பெண்களின் திருப்தி குறைந்தது என்றால், அதை நல்ல சேதியாகவும் வாசிக்கலாம்: கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.