வீட்டிலேயே ஃபுல் எச்டி புரொஜெக்டர் செய்ய முடியுமா? வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பழுதான மடிக்கணினியின் திரை, ஓர் எல்இடி விளக்கு, மூன்று லென்ஸ், ஒரு பிளைவுட் பெட்டி. இவற்றை வைத்து வீட்டுச் சுவரில் 80 அங்குலத்துக்குத் திரைப்படம் பார்க்க முடியுமா?

முடியும். உலகின் பல நாடுகளில் பொழுதுபோக்காக இதைச் செய்பவர்கள் 2000-களின் தொடக்கத்திலிருந்தே இருக்கிறார்கள். ஆனால் "ஃபுல் எச்டி கிடைக்குமா?" என்று கேட்பவர்கள் பலர், அதைவிட முக்கியமான வேறு இரண்டு கேள்விகளை விட்டுவிடுகிறார்கள். படத்துக்குப் போதுமான வெளிச்சம் எங்கிருந்து வரும்? அந்த வெளிச்சத்தோடு வரும் சூட்டை எங்கே அனுப்புவது?

பினாங்கு போன்ற வெப்பமும் ஈரமும் நிறைந்த ஊரில் இந்த இரண்டாவது கேள்விதான் கருவியின் ஆயுளைத் தீர்மானிக்கும்.

புரொஜெக்டர் எப்படி வேலை செய்கிறது?

பின்னால் ஒளி, நடுவில் படம், முன்னால் லென்ஸ். அவ்வளவுதான். 1905-இல் திருச்சி ரயில்வே ஊழியரான சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் வாங்கிய கருவியோடு ஊர் ஊராகச் சென்று படம் காட்டிய காலத்திலும் இதே அமைப்புதான். அப்போது நடுவில் ஃபிலிம் ஓடியது. இப்போது அந்த இடத்தில் எல்சிடி பேனல் நிற்கிறது.

மடிக்கணினித் திரையின் பின்னால் ஒளியைப் பரப்பும் தாள்களும் விளக்கும் இருக்கும். அவற்றைக் கழற்றிவிட்டால், கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் பேனல் மட்டும் மிஞ்சும். அதன் பின்னால் பலமான விளக்கை வைத்தால், பேனலில் ஓடும் படத்தை லென்ஸ் சுவரில் பெரிதாக்கிக் காட்டும்.

என்னென்ன பொருள்கள் தேவை?

- பேனல்: 15.6 அங்குல ஃபுல் எச்டி மடிக்கணினிப் பேனல். 1920 x 1080, அதாவது ஏறக்குறைய 20 லட்சம் புள்ளிகள் கொண்டது.
- கன்ட்ரோலர் போர்டு: எச்டிஎம்ஐ வழியாக வரும் படத்தைப் பேனலுக்குப் புரியும்படி மாற்றித் தருவது. பேனலின் மாடல் எண்ணைச் சொல்லித்தான் வாங்க வேண்டும்.
- விளக்கு: 100 வாட் எல்இடி, அதற்கேற்ற மின்னோட்டத்தைச் சீராகத் தரும் டிரைவர், பெரிய ஹீட் சிங்க், விசிறி.
- இரண்டு ஃபிரெனெல் லென்ஸ்: தட்டையான பிளாஸ்டிக் தகடு போன்றவை. ஒன்று விளக்கின் ஒளியை நேராக்கிப் பேனலுக்குள் அனுப்பும். இன்னொன்று பேனலைத் தாண்டி வரும் ஒளியைக் குவித்து முன் லென்ஸுக்கு அனுப்பும். இரண்டும் பேனலை முழுதாக மூடும் அளவில் இருக்க வேண்டும்.
- முன் லென்ஸ்: குவியத் தூரம் சுமார் 320 மி.மீ. உள்ளது. பள்ளிகளில் முன்பு பயன்படுத்திய ஓவர்ஹெட் புரொஜெக்டர்களில் ஏறக்குறைய இதே வகை லென்ஸ்தான் இருக்கும்.
- பெட்டி: 60 சென்டிமீட்டருக்கு மேல் நீளம் தேவைப்படும். ஈரத்தில் எம்டிஎஃப் பலகை ஊதிப்போகும் என்பதால் பிளைவுட் நல்லது. உள்ளே பளபளப்பில்லாத கறுப்பு வண்ணம் அடிக்க வேண்டும்.

இந்தப் பட்டியலில் உள்ள எல்இடி பினாங்குக்குப் புதிதல்ல. 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கிய காலத்திலிருந்தே மின்னணுப் பொருள் தயாரிப்பு இங்கே வேரூன்றியிருக்கிறது. ஓஸ்ராம், லூமிலெட்ஸ் போன்ற எல்இடி நிறுவனங்களும் இந்தத் தீவில் ஆலைகள் நடத்தி வந்துள்ளன.

"ஃபுல் எச்டின்னு போட்டிருக்கே, அப்புறம் ஏன் மங்கலா தெரியுது?"

மலிவு விலை புரொஜெக்டர் வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. காரணம் இரண்டு.

முதலாவது, "1080பி ஏற்கும்" என்று பெட்டியில் போட்டிருந்தால், அந்தத் தரத்தில் வரும் படத்தைக் கருவி வாங்கிக்கொள்ளும் என்றுதான் பொருள். உள்ளே இருக்கும் பேனல் அதைவிடக் குறைந்த புள்ளிகள் கொண்டதாக இருக்கலாம். பார்க்க வேண்டியது "நேட்டிவ்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள எண்ணை. நீங்களே செய்யும் கருவியில் இந்தச் சிக்கல் இல்லை. பேனலில் இருக்கும் அத்தனை புள்ளியும் சுவருக்குப் போகும்.

இரண்டாவது காரணம் வெளிச்சம். இங்கேதான் வீட்டில் செய்யும் கருவியும் தடுமாறும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 வாட் எல்இடி சுமார் 10,000 லூமென் ஒளி தரும். லென்ஸ் பிடித்துக்கொள்வது அதில் பாதி என்று வைத்துக்கொள்வோம்: 5,000. எல்சிடி பேனல் ஒளியை மிக அதிகமாக விழுங்கும் பொருள். அதன் போலரைசர் தாளே பாதிக்கு மேல் தடுத்துவிடும். வண்ண வடிகட்டி மீதியில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் விடும். கடைசியில் பேனலைக் கடப்பது சுமார் 6 விழுக்காடு: 300 லூமென். முன் லென்ஸில் கொஞ்சம் போனால், சுவரைத் தொடுவது 250 லூமென்தான்.

பத்தாயிரத்தில் மிஞ்சியது இருநூற்றைம்பது. பெரும்பாலான மீதி பெட்டிக்குள்ளேயே சூடாக மாறுகிறது.

அப்படியானால் எவ்வளவு பெரிய படம் பார்க்கலாம்?

திரையரங்கில் வெள்ளைத் திரையின் ஒளிர்வுக்கான தரநிலை, ஒரு சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. சாதாரணத் தொலைக்காட்சிகள் 250-க்கு மேல் தரும்.

அதே 250 லூமெனைச் சாதாரண வெள்ளைத் திரையில் பரப்பினால்:

- 80 அங்குலப் படம்: சுமார் 45 கேண்டெலா
- 100 அங்குலப் படம்: சுமார் 29 கேண்டெலா
- 120 அங்குலப் படம்: சுமார் 20 கேண்டெலா

அதாவது, 80 அங்குலத்தில் நிறுத்திக்கொண்டால் திரையரங்கை நெருங்கிவிடலாம். 120-க்கு ஆசைப்பட்டால் இரவுக் காட்சிகளில் முகமே தெரியாது. எந்த அளவாக இருந்தாலும் அறை நன்றாக இருட்டாக இருக்க வேண்டும். நடுமுற்றத்தின் வழியாக வெளிச்சம் விழும் ஜார்ஜ் டவுன் பழைய கடைவீடுகளில் பகல் காட்சிக்கு வாய்ப்பில்லை.

சுவரிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி வைக்க வேண்டும்?

320 மி.மீ. லென்ஸுக்குக் கணக்கு எளிது. 80 அங்குலப் படம் வேண்டுமென்றால், லென்ஸுக்கும் திரைக்கும் இடையே ஏறக்குறைய 1.96 மீட்டர். 100 அங்குலத்துக்கு 2.37 மீட்டர். சிறிய அடுக்குமாடி வீட்டின் படுக்கையறையிலும் இந்த இடம் கிடைக்கும்.

பேனலுக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரம் முதல் அளவுக்கு 382 மி.மீ., இரண்டாவதற்கு 370 மி.மீ. வித்தியாசம் 12 மி.மீ. மட்டுமே. ஆகவே லென்ஸ் முன்னும் பின்னும் சில சென்டிமீட்டர் நகரும்படி அமைத்தால் ஃபோகஸ் செய்யப் போதும்.

இன்னொன்று: லென்ஸ் படத்தைத் தலைகீழாக்கும். பேனலைத் தலைகீழாகவும், அதன் முகம் விளக்கைப் பார்க்கும்படியும் பொருத்தினால், எழுத்துகள் சுவரில் நேராகத் தெரியும். முகத்தை லென்ஸ் பக்கம் திருப்பி வைத்தால் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாறிவிடும்.

கடையில் வாங்கும் கருவிகளில் உள்ளது போல, சாய்ந்த படத்தை நிமிர்த்தும் வசதி இதில் இருக்காது. பெட்டி திரைக்கு நேராக நிற்க வேண்டும்.

பினாங்கு வெப்பத்தில் பேனல் தாங்குமா?

பல மடிக்கணினிப் பேனல்கள் 50 டிகிரி செல்சியஸ் வரை இயங்கும்படி தயாரிக்கப்பட்டவை. குளிர்நாட்டில் 20 டிகிரி அறையில் வைத்தால் 30 டிகிரி இடைவெளி இருக்கிறது. இங்கே குளிர்சாதனம் இல்லாத அறை பிற்பகலில் 32 டிகிரியை எட்டினால், மிஞ்சுவது 18 டிகிரிதான். வெளிநாட்டுக் காணொளியில் பார்த்த சின்ன விசிறியை அப்படியே இங்கே பொருத்தினால் போதாமல் போவது இதனால்தான்.

அளவுக்கு மீறிச் சூடானால், படத்தின் நடுவில் முதலில் கருமை படரும். உடனே அணைத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். தொடர்ந்து ஓட்டினால் போலரைசர் தாள் நிரந்தரமாகக் கெட்டுப்போகும்.

செய்ய வேண்டியவை:

- விளக்கின் சூடு வெளியேறத் தனி வழி, பேனலின் இருபுறமும் குளிர்ந்த காற்று ஓடத் தனி வழி. இரண்டும் கலக்கக் கூடாது.
- காற்று நுழையும் இடத்தில் கழற்றிக் கழுவக்கூடிய மெல்லிய வலை. மழைக்குப் பிறகு விளக்கைத் தேடி வரும் ஈசல் ஒன்று உள்ளே போனாலும், சுவரில் பெரிதாகத் தெரியும்.
- பயன்படுத்தாத நாள்களில் லென்ஸை மூடி வைத்து, பக்கத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். நம் ஊர் ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிப்பது சகஜம்.

பாதுகாப்பு: எதில் கைவைக்கக் கூடாது?

பழைய வழிகாட்டிகள் 400 வாட் மெட்டல் ஹேலைடு விளக்கைப் பரிந்துரைக்கும். அதை எரியவைக்கும் கருவி ஆயிரக்கணக்கான வோல்ட் மின்துடிப்பை உண்டாக்கும். விளக்கின் கண்ணாடி மிகக் கடுமையாகச் சூடாகும். புற ஊதாக் கதிரும் வரும். மரப்பெட்டிக்குள் அதை வைக்கத் தேவையே இல்லை. எல்இடியே போதும்.

எல்இடியிலும் கவனம் வேண்டும்.

- டிரைவருக்கு வருவது வீட்டு மின்சாரம், 230 வோல்ட். முழுதாக மூடிய டிரைவரை வாங்குங்கள். அதன் உலோக உறையையும் ஹீட் சிங்க்கையும் எர்த் வயரோடு இணைக்க வேண்டும். இந்த வேலை தெரியாதென்றால், பதிவுபெற்ற மின்பணியாளரிடம் கொடுப்பதே சரி.
- சிரிம் முத்திரை உள்ள மூன்று முனை பிளக் பயன்படுத்துங்கள். அதனுள் 13 ஆம்பியர் ஃபியூஸுக்குப் பதில் 3 ஆம்பியர் போடுங்கள். இந்தக் கருவி எடுப்பது ஓர் ஆம்பியருக்கும் குறைவு.
- ஹீட் சிங்க்கில் வெப்பத் துண்டிப்பு சுவிட்ச் ஒன்றைப் பொருத்துங்கள். விசிறி நின்றுபோனால் விளக்கு தானாக அணைய வேண்டும். இந்தச் சின்னப் பொருளை விட்டுவிட்டுப் பெட்டியை மூடாதீர்கள்.
- எரியும் எல்இடியை நேராகப் பார்க்காதீர்கள். பிள்ளைகள் உள்ள வீட்டில், பெட்டியைத் திருகாணி போட்டு மூடிய பிறகே ஓட்டுங்கள்.
- ஆளில்லாத அறையில் ஓட விடாதீர்கள்.

எங்கே பெரும்பாலும் தவறு நடக்கிறது?

பேனலைப் பிரிக்கும்போது. அதன் ஓரத்தில் நாடா போன்ற மெல்லிய இணைப்புகள் இருக்கும். அவற்றில் ஒன்று அறுந்தால் படத்தில் நிரந்தரக் கோடு விழும். சரிசெய்ய முடியாது. பேனலோடு ஒட்டியிருக்கும் போர்டு ஒளியின் பாதையை மறைக்காமல் மடங்குமா என்பதை வாங்கும் முன்பே பாருங்கள்.

அடுத்தது, மலிவான சில கன்ட்ரோலர் போர்டுகள் நகல் தடுப்பு முறையான எச்டிசிபியை ஏற்பதில்லை. கணினியில் உள்ள படம் ஓடும். கட்டணச் சேவைகளின் படம் மட்டும் கறுப்பாகத் தெரியும். வாங்கும் முன் விற்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

மிகப் பழைய திரைகளைப் பிரித்தால், பின்விளக்காக மெல்லிய குழல் இருக்கும். அதில் பாதரசம் உண்டு. உடைக்காதீர்கள், வீட்டுக் குப்பையிலும் போடாதீர்கள். மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

சரி, பணம் மிச்சமாகுமா?

கையில் ஏற்கெனவே நல்ல பேனல் இருந்தால் மிச்சமாகலாம். எல்லாவற்றையும் புதிதாக வாங்கினால், குறிப்பாக லென்ஸுகள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தால், அஞ்சல் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். ஒரு பேனல் உடையும் என்றும் கணக்கில் வையுங்கள். அந்தத் தொகை, நேட்டிவ் 1080பி கொண்ட கடைப் புரொஜெக்டரின் விலையை நெருங்கினால், படம் பார்ப்பது மட்டுமே நோக்கமாக உள்ளவர்கள் கடைக்குப் போவதே நல்லது. அங்கே "ஆன்சி" அல்லது "ஐஎஸ்ஓ" என்ற அளவில் சொல்லப்படும் லூமெனை மட்டும் நம்புங்கள். வெறும் "லூமென்" என்றிருந்தால், மேலே பார்த்த பத்தாயிரம் போல விளக்கின் கணக்காக இருக்கலாம்.

வீட்டில் செய்த கருவிக்கு உள்ள அனுகூலம் வேறு. விளக்கு போனால் விளக்கை மாற்றலாம். தூசி புகுந்தால் திறந்து துடைக்கலாம். மலிவான கருவிகள் பலவற்றில் இது எளிதல்ல.

முதலில் என்ன செய்யலாம்?

ஒரு காசும் செலவழிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள். காலணிப் பெட்டி ஒன்றின் முன்பக்கம் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பொருத்தி, உள்ளே கைத்தொலைபேசியை முழு வெளிச்சத்தில், தலைகீழாக நிறுத்தி, இருட்டறையில் சுவரைப் பார்த்து வையுங்கள். முன்னும் பின்னும் நகர்த்தினால் படம் விழும். மங்கலாகத்தான் இருக்கும், எழுத்தும் இடம் வலம் மாறியிருக்கும். தொலைபேசியின் ஃபுல் எச்டி திரையில் அத்தனை புள்ளிகள் இருந்தும், சுவரில் அவை ஏன் தெரியவில்லை என்பது அப்போது விளங்கும். அதற்குப் பிறகும் ஆர்வம் குறையவில்லை என்றால், முதலில் ஹீட் சிங்க்கையும் விசிறியையும் தேர்ந்தெடுங்கள். பேனலைக் கடைசியில் வாங்குங்கள்.