பல்லின்மேற் பீங்கான்

பாரிசு மாநகருக்கு அண்மையிலுள்ள சென்-ஜேர்மன்-ஆன்-லே என்னும் ஊரில், பதினெட்டாம் நூற்றாண்டிலே அலெக்சி டுஷாத்தோ என்றொரு மருந்து வணிகர் வாழ்ந்தார். 'பல்லுப் போனாற் சொல்லுப் போச்சு' என்பது நம்மவர் பழமொழி. அவருக்கோ பல்லுப் போனதோடு வேறொரு துன்பமும் வந்து சேர்ந்தது. அக்காலத்திற் பொய்ப்பற்களை நீர்யானையின் தந்தத்திலே செதுக்கி அணிவார்கள். அத்தந்தம் உமிழ்நீரையும் உணவையும் உறிஞ்சி, நாளடைவில் நிறம் மாறி நாற்றமெடுக்கும். நாள் முழுவதும் மருந்துகளோடு பழகியவர் வாயில் அது என்ன பாடு படுத்தியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1774ஆம் ஆண்டளவில் அவர் தம் கடையிலிருந்த பீங்கான் கலங்களை உற்றுநோக்கினார். எத்தனை மருந்தை அரைத்தாலும் அவற்றிற் கறையும் பற்றவில்லை, மணமும் தங்கவில்லை. பற்களையும் பீங்கானிலே செய்தால் என்ன என்று எண்ணினார்.

எண்ணுவது எளிதாயிருந்தது, சூளையோ இணங்கவில்லை. பச்சைப் பீங்கான் சுடும்போது சுருங்கும். குவளையொன்று சிறிது சுருங்கினால் ஒருவருக்கும் குறையில்லை. வாயில் வைக்கும் பற்றொகுதி மயிரிழையளவு பிசகினாலும் ஈறு புண்ணாகிவிடும். பன்முறை தோற்றபின், நிக்கோலா டுபுவா டி ஷெமான் என்னும் பல் வைத்தியரின் துணையோடு தமக்கொரு தொகுதியை அவர் செய்துகொண்டார். ஆனால் அதன் பயனை அறுவடை செய்தவர் டுஷாத்தோ அல்லர். டி ஷெமான் அம்முறையைத் திருத்தி, 1788இல் நூலெழுதி, பதினாறாம் லூயி மன்னரிடம் காப்புரிமையும் பெற்றார். பின்னர்ப் புரட்சியின் கொந்தளிப்பிலே இங்கிலாந்து சென்று அங்கும் தொழிலை நாட்டினார். புகழ்பெற்ற வெட்ஜ்வுட் பீங்கான் தொழிற்சாலையிலிருந்து அவருக்கு மண்கலவை கிடைத்தது. 1811இல் றோலண்ட்சன் வரைந்த கேலிச்சித்திரமொன்றில், பருத்த பெண்ணொருத்தியின் வாயைப் பிரெஞ்சு வைத்தியர் திறந்து காட்ட, அவளுடைய பீங்கான் வரிசை பளிச்சென்று வெளுத்துத் தெரிகின்றது. இயற்கைக்கு மிஞ்சிய வெண்மையைக் கண்டு மக்கள் அன்றே நகைத்திருக்கிறார்கள்.

1808இல், இத்தாலியரான பொன்சி என்பவர் பாரிசில் ஒவ்வொரு பல்லையும் தனித்தனியே சுட்டு, பிளாற்றினக் கொளுவிகளாற் பிணைக்கும் முறையை வெளியிட்டார். இவையெல்லாம் இழந்த பல்லுக்கு ஈடானவை. இருக்கின்ற பல்லின்மேற் பீங்கானைப் போர்த்தும் கலை வேறு. அதற்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவிலே டெற்றோயிற் நகரத்துச் சார்ள்ஸ் ஹென்றி லாண்ட். 1880களில், பிளாற்றினத்தின் மெல்லிய தாளைப் பல்லின்மீது அழுத்தி வடிவெடுத்து, அதிலே பீங்கான் மாவை இட்டுச் சுட்டார் அவர். அவ்வழியிற் பல்லைச் சுற்றிலும் சீவி மேலே கவிக்கும் பீங்கான் மகுடமும் தோன்றிற்று. 1927இல் அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தனியொருவராய் விமானத்திற் கடந்த லிண்ட்பேர்க், இவருடைய மகள்வயிற்றுப் பேரன் ஆவார்.

இனி ஹொலிவூட்டுக்கு வருவோம். பேசும் படம் வந்ததும், நடிகர் முகம் திரையிலே பல மடங்கு பெருகித் தோன்றியதும், பல்லின் சிறு குறையும் பெருங்குறையாயிற்று. சார்ள்ஸ் பிங்கஸ் என்னும் பல் வைத்தியர், மெல்லிய பீங்கான் முகப்புகளைச் செய்து, பொய்ப்பற் றொகுதிக்குத் தூவும் பசைப்பொடியினாலே நடிகரின் பற்களில் ஒட்டினார். படப்பிடிப்பு முடிந்ததும் அவை கழற்றப்பட்டன. அணிந்துகொண்டு உண்பதற்கு அவை ஏற்றவை அல்ல. பால்பற்கள் விழும் வயதில் நடித்த ஷேர்லி டெம்பிள் என்னும் சிறுமியின் புன்னகை குறையாமல் இருந்ததும் இத்தகைய ஒப்பனையினாலேயே. பிங்கஸின் முகப்பு நிலைக்கவில்லை என்பது அதன் குறை. பல்லை ஒருசிறிதும் சிதைக்கவில்லை என்பது அதன் சிறப்பு.

பீங்கானைப் பல்லோடு நிலையாக ஒட்டும் வழி, பல் வைத்தியத்துக்கு வெளியே இருந்து வந்தது. உலோகத்தின்மேல் வர்ணம் நன்றாகப் பிடிப்பதற்காகத் தொழிற்சாலைகளில் பொசுபோரிக்கமிலத்தைப் பூசுவதுண்டு. றொச்செஸ்ரர் நகரத்து மைக்கல் புவனகோர் அதை மனத்திற்கொண்டு, பல்லின் வெளிப்படையாகிய மிளிரியின்மேல் அவ்வமிலத்தை அரைநிமிட நேரம் இட்டுக் கழுவினார். மிளிரியிலே கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் தோன்றின. அவற்றிற் செயற்கைப் பிசின் புகுந்து இறுகிப் பற்றிக்கொண்டது. இதை அவர் 1955இல் வெளியிட்டார். 1962இல் ரபாயேல் போவன் என்பவர் வலிமைமிக்க புதிய பிசினுக்குக் காப்புரிமை பெற்றார். 1983இல், பீங்கானின் உட்புறத்தையும் ஐதரோபுளோரிக்கமிலத்தால் அரித்து ஒட்டலாமென்று சைமன்சனும் கலமியாவும் காட்டினர். ஒருபுறம் அரித்த பல், மறுபுறம் அரித்த பீங்கான், நடுவே பிசின். இன்றைய பீங்கான் முகப்பு இவ்வாறு பிறந்தது.

அதன் தடிப்பு ஏறக்குறைய அரை மில்லிமீற்றர். கையிலிருக்கும்போது எளிதில் உடையும் இவ்வோடு, மிளிரியோடு ஒன்றியபின் பல்லாண்டுகள் உழைக்கும். ஆனால் அதற்கு இடம் வேண்டும் என்பதற்காக, பெரும்பாலும் பல்லின் முன்புறத்தைச் சிறிது சீவுகிறார்கள். நேயர்கள் மனத்தில் இருத்தவேண்டிய செய்தி இதுவே. நகம் வளரும், மயிர் வளரும், மிளிரி வளராது. அதனை ஆக்கிய உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. ஆகவே பத்து அல்லது பதினைந்து ஆண்டுகளில் முகப்புத் தேயுமாயின் வேறொன்று வைக்கவேண்டும். பழைய பல்லுக்குத் திரும்ப இயலாது. இருபது வயதிலே செய்துகொள்பவர் தம் வாழ்நாளில் எத்தனை முறை மாற்றவேண்டிவரும் என்று கணக்குப் பார்ப்பது நல்லது.

ஒட்டும் வலிமை மிளிரியிலேதான் மிகுதி. மிகையாகச் சீவி உள்ளிருக்கும் மென்படையை எட்டிவிட்டால் பிடிப்பும் குன்றும், கூச்சமும் உண்டாகும். அண்மைக் காலத்தில், பிரித்தானிய இளைஞர் பலர் மலிவு கருதித் துருக்கிக்குச் சென்று, முகப்பு என்று எண்ணிப் படுத்து, பற்கள் சுற்றிலும் முளைபோலச் சீவப்பட்டு மகுடங்களோடு திரும்பிய செய்திகள் வெளிவந்தன. முகப்பும் மகுடமும் ஒன்றல்ல. எவ்வளவு சீவப்போகிறீர்கள், எந்தப் பக்கங்களில் என்று வாய்விட்டுக் கேட்பது மரியாதைக் குறைவாகாது.

எல்லாருக்கும் இது வேண்டுவதுமில்லை. வெற்றிலைக் காவியும் தேநீர்க் கறையும் பல்லின் புறத்தே படிந்தவை. வைத்தியர் சுத்தஞ்செய்தாற் பெரும்பாலும் நீங்கும். எங்கள் நாட்டில் அநுராதபுரம் போன்ற உலர்வலயப் பகுதிகளிலே, நிலத்தடி நீரிலுள்ள புளோரைட்டு மிகுதியாற் குழந்தைப் பருவத்திலேயே மிளிரியில் ஏறிய வெண்புள்ளியும் கபிலக் கறையும் வேறு வகை. அவற்றுட் கடுமையானவற்றை மறைக்க முகப்பு உதவும். எனினும் அத்தகைய மிளிரி அமிலத்துக்கு எளிதில் இணங்காதாகையால், ஒட்டுவதிற் கூடிய கவனம் வேண்டும். சொத்தையும் ஈறுநோயும் உள்ள வாயில் முதலில் அவற்றுக்கே சிகிச்சை. உறக்கத்திற் பல் நறுமுபவர் அதை முன்கூட்டியே சொல்லவேண்டும்; இரவிற் காப்புத் தட்டு அணியாவிடில் பீங்கான் விண்டுபோகலாம். நிறத்தையும் ஆற அமரத் தெரிய வேண்டும், ஏனெனிற் பீங்கானைப் பின்னர் வெளுக்கவைக்க முடியாது. வாயைத் திறந்து நெடுநேரம் இருந்தாற் பல் உலர்ந்து வெளிறித் தோன்றும். ஆதலால் வேலை தொடங்குமுன்பே பகல் வெளிச்சத்தில் நிறம் பார்ப்பார்கள்.

கவனமுள்ள வைத்தியர்கள் இப்பொழுது பல்லைத் தொடுவதற்குமுன் மெழுகில் மாதிரி செய்து, அதன் வடிவிலே பிசினைப் பல்லின்மேல் ஒட்டாமற் படியவைத்துக் காட்டுகிறார்கள். கண்ணாடியிற் பார்க்கலாம், பேசிப் பார்க்கலாம். மேற்பல் கீழுதட்டிற் பொருந்தப் பிறப்பது வகரம் என்று தொல்காப்பியர் வகுத்தாரல்லவா? பல்லின் நீளம் மிஞ்சினால் அந்த வகரமே முதலிற் காட்டிக்கொடுக்கும். 'வா', 'வீடு', 'அவ்வை' என்று சொல்லிப் பார்த்து, மனம் ஒப்பாவிட்டால் அந்த மாதிரியைக் கழற்றிவிட்டு, பிங்கஸிடம் வந்த நடிகரைப்போலச் சொந்தப் பல்லோடு வீடு திரும்பலாம்.