எல்லைப்புறத்துப் பறவைகளும் அவற்றை அறிந்த கண்களும்

ஓசூரைச் சுற்றியுள்ள ஏரிக்கரைகளிலும் உழுத வயல்களிலும் ஒரு பறவையைக் காணலாம். தலையும் மார்பும் கறுப்பு, முதுகு பழுப்பு, வயிறு வெண்மை, கண்ணுக்கு முன்னே செந்நிறத் தசைமடிப்பு, நீண்ட மஞ்சள் கால்கள். மனிதரோ நாயோ நெருங்கினால், மேலெழுந்து வட்டமிட்டுக் கூவும். ஆள் வருவதைக் காட்டிக் கொடுப்பதால் தமிழர் அதனை ஆள்காட்டி என்றனர். அதே ஊரில் வாழும் தெலுங்கர் தீத்துவு என்பர். கன்னடர் டிட்டிபம் என்பர். இவ்விரண்டும் அதன் குரலை ஒட்டி எழுந்த பெயர்கள். ஆங்கிலேயரோ அக்குரலில், 'அவனா செய்தான்?' என்று பொருள்படும் தம் மொழிக் கேள்வி ஒன்றைக் கேட்டனர்.

மூன்று மொழிகள் கலந்து வழங்கும் இவ்வெல்லைப்புறத்தில் நெடுங்காலம் பள்ளியாசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்தவன் நான். வகுப்பில் ஒரு பறவையின் பெயரைக் கேட்டால் மூன்று விடைகள் எழும். மூன்றும் சரியான விடைகளே. ஆயினும் ஒருவர் சொல்லும் பறவையும் மற்றவர் சொல்லும் பறவையும் ஒன்றுதானா என்பதை எப்படித் துணிவது? பறவையியல் என்னும் கலை இந்த எளிய கேள்வியிலிருந்து வளர்ந்தது என்று கூறலாம்.

சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758-ஆம் ஆண்டில் விலங்கினங்கள் அனைத்துக்கும் இரு சொற்களாலான பெயரிடும் முறையை நிலைநாட்டினார். அம்முறையைப் பின்பற்றி, 1783-இல் பொட்டார்ட் என்னும் டச்சு அறிஞர் நம் ஆள்காட்டிக்கு, 'இந்தியாவுக்குரியது' என்னும் பொருளுடைய பெயரை வழங்கினார். இன்று அதனை வனெல்லஸ் இண்டிகஸ் என உலகம் அறியும். ஊர்ப்பெயர்களை அழிப்பதற்காக இப்பெயர் வரவில்லை. அவற்றை ஒன்றோடொன்று இணைப்பதற்காகவே வந்தது.

தென்னாட்டுப் பறவைகளை முறையாகப் பட்டியலிட்டவர்களுள் தலையாயவர் டாக்டர் ஜெர்டன். சென்னைப் படையில் மருத்துவராகப் பணிபுரிய 1836-இல் வந்தவர். 1839 முதல் தென்னிந்தியப் பறவைகளின் பட்டியலைச் சென்னையிலிருந்து வந்த ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார். பின்னர் ஐம்பது வண்ணப் படங்கள் கொண்ட நூலொன்றைச் சென்னையிலேயே பதிப்பித்தார். அப்படங்களை வரைந்தவர்கள் இந்திய ஓவியர்கள். 1862-இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய பெருநூலில், பறவைகளின் தமிழ்ப் பெயர்களும் தெலுங்குப் பெயர்களும் இடம்பெற்றுள்ளன. அப்பெயர்களை அவருக்குச் சொன்னவர்கள் யாவர்? வயலிலும் காட்டிலும் பறவைகளோடு வாழ்ந்த இந்நாட்டு மக்களே அல்லரோ? நூலின் முகப்பில் ஒருவர் பெயர் நிற்கிறது. அதற்குப் பின்னால் பலருடைய கண்களும் செவிகளும் நிற்கின்றன.

ஜெர்டன் உலகுக்கு அறிமுகப்படுத்திய பறவைகளுள் ஒன்று நமக்கு மிக நெருங்கியது. மஞ்சள் தொண்டைச் சின்னான் என்பது அதன் பெயர். சாம்பல் நிற உடலும் மஞ்சள் தலையும் தொண்டையும் உடையது. உருண்டைப் பாறைகளும் முட்புதர்களும் நிறைந்த குன்றுகளே அதன் வீடு. தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளையன்றி உலகில் வேறெங்கும் அது வாழ்வதில்லை. அக்குன்றுகளுள் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குன்றுகளும் அடங்கும். இங்குக் கருங்கல் வெட்டியெடுக்கும் தொழில் பெருகியுள்ளதை நீங்கள் அறிவீர்கள். ஒரு குன்று குறைந்தால், அச்சின்னானுக்கு உலகமே சிறிது குறைகிறது.

ஜெர்டன் பெயரைத் தாங்கிய மற்றொரு பறவை, ஆந்திர நாட்டின் முட்புதர்க் காடுகளில் இரவில் திரிவது. 1900-க்குப் பின் அதனைக் கண்டதாக அறிஞர் எவரும் உறுதியாகக் கூறவில்லை. அழிந்தே போயிற்று என்று நம்பினர். ஆனால் 1986-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் பரத் பூஷண் கடப்பை மாவட்டத்தில் அதனை மீண்டும் கண்டறிந்தார். அதற்குத் துணை நின்றவர் உள்ளூர் வேடர் ஒருவர். நூல்கள் மறந்த பறவையை அம்மண்ணின் மனிதர் மறக்கவில்லை.

அக்காலப் பறவையியலின் முதற்கருவி துப்பாக்கியே என்பதையும் நாம் மறைக்க வேண்டுவதில்லை. தொலைநோக்கிகள் செம்மையுறாத காலத்தில், சுட்டு வீழ்த்திக் கையில் எடுத்துப் பார்ப்பதே பறவையை இனங்காணும் வழியாயிருந்தது. காங்கிரஸ் மகாசபையை 1885-இல் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஏ. ஓ. ஹியூம் பறவையியலிலும் பெரும் புகழ் பெற்றவர். பறவைத் தோல்களும் முட்டைகளுமாக ஏறத்தாழ 82,000 பொருள்களைத் திரட்டி லண்டன் அருங்காட்சியகத்துக்கு அளித்தார். அவர் பல்லாண்டுகள் உழைத்து எழுதி வைத்திருந்த குறிப்புகளையோ, பணியாள் ஒருவன் சிம்லாக் கடைத்தெருவில் பழைய காகிதமாக விற்றுவிட்டான்! பறவையின் தோல்கள் எஞ்சின. உயிரோடிருந்தபோது அவை எப்படி வாழ்ந்தன என்னும் செய்தி அழிந்தது. அத்துடன் ஹியூம் தம் பெருநூல் முயற்சியையே கைவிட்டார்.

சாலிம் அலியின் வாழ்க்கையும் ஒரு சிறுவனின் துப்பாக்கியில்தான் தொடங்கியது. 1896-இல் பிறந்த அவர், பத்து வயதை ஒட்டிய பருவத்தில் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருப்பதைக் கண்டு வியந்து, அது என்ன குருவி என்று கேட்க இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எடுத்துச் சென்றார். அங்கிருந்த மில்லார்டு என்பவர் விடையைச் சொன்னதோடு நில்லாமல், கழகத்தின் பறவைத் தொகுப்பையும் சிறுவனுக்குத் திறந்து காட்டினார். ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது. கேட்ட கேள்விக்கு விடை மட்டும் கிடைத்திருந்தால் சாலிம் அலி கிடைத்திருப்பாரோ?

அவரே 1930-இல் பம்பாயை அடுத்த கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில், தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் மறைந்திருந்து நோக்கினார். ஆண்குருவி பாதிக் கூடு கட்டிக் காத்திருப்பதையும், பெண்குருவி வந்து பார்த்து ஏற்றுக்கொண்ட பின்னரே கூடு நிறைவு பெறுவதையும், அதன்பின் அதே ஆண் அடுத்த கூட்டைத் தொடங்குவதையும் கண்டெழுதினார். இவற்றுள் எதனையும் துப்பாக்கி சொல்லியிராது, பொறுமையே சொல்லிற்று. 1941-இல் வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் நூல், அறிஞர்களின் கலையைப் பொதுமக்களின் இன்பமாக்கியது.

துப்பாக்கி இருந்த கையில் புகைப்படக் கருவி வந்த கதையும் சுவையானது. இங்கிலாந்தில் ரிச்சர்டு, செர்ரி என்னும் கியர்ட்டன் உடன்பிறப்பினர் 1892-இல் முட்டைகளோடு கூடிய பறவைக் கூடு ஒன்றைப் படம் பிடித்தனர். பிற்காலத்தில், உள்ளே வெற்றிடமான பொய் மாடு ஒன்றைச் செய்து, நம் பொய்க்கால் குதிரைக்காரர் போல அதனுள் புகுந்து நின்று பறவைகளைப் படமெடுத்தனர். நம் தமிழகத்தில் இக்கலைக்குப் பெருமை சேர்த்தவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தரான இவர் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். கறுப்பு வெள்ளைப் படங்களையே விரும்பினார். 1950 முதல் 1996-இல் மறையும் வரை, கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கைக் குறிப்புகளை இடையறாது எழுதினார்.

படமெடுக்க விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு சொல். ஆள்காட்டி கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில், கூழாங்கற்களிடையே, பெரும்பாலும் நான்கு முட்டைகளை இடும். கடும் வெயிலில் தாயும் தந்தையும் முட்டைகளின் மேல் நிழலாக நிற்கும். வயிற்று இறகை நீரில் நனைத்து வந்து குளிர்விப்பதும் உண்டு. நாம் படத்துக்காக அருகில் நின்றால் பெற்றோர் அகல நேரிடும். முட்டை வெயிலில் வேகும். பறவை கலங்கிக் கூவத் தொடங்கிய இடத்தில் நம் கால்கள் பின்வாங்க வேண்டும். அதனினும் நல்ல படம் தூரத்திலிருந்தே கிட்டும்.

இனங்காணுதல் அரிய வித்தையன்று. சிட்டுக்குருவி, மைனா, காகம் ஆகிய மூன்றையும் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். புதிய பறவை எதற்கு ஒப்பானது என்று பாருங்கள். பின்பு அலகின் வடிவம், காலின் நீளம், நிறம் அமைந்த இடம், பறக்கும் விதம், குரல், கண்ட இடம், நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். செங்கால் நாரையின் அலகுக்குப் பிளந்த பனங்கிழங்கை உவமை சொன்ன சத்திமுத்தப் புலவர் இம்முறையையே கையாண்டார் அன்றோ?

நாளையும் எண்ணிக்கையையும் குறிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளில் யார் மிகுதியாகச் சுடுவது என்று போட்டியிடும் வழக்கம் இருந்தது. பிராங்க் சாப்மன் என்னும் அறிஞர் 1900-இல், சுடுவதற்குப் பதிலாக எண்ணுவோம் என்றார். முதலாண்டில் 27 பேர் முன்வந்தனர். ஆண்டுதோறும் அக்கணக்கு இன்றுவரை தொடர்கிறது. நம் நாட்டிலும் பொங்கல் விடுமுறையில் மாணவர்களும் ஆசிரியர்களும் பறவைகளை எண்ணிப் பதிகின்றனர்.

இக்கணக்கு ஓசூருக்கு மிகவும் தேவை. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல் இவ்வூர் விரைந்து வளர்ந்தது. பல்லாயிரம் குடும்பங்கள் அதனால் வாழ்கின்றன. அவ்வளர்ச்சியைப் பழிப்பது என் கருத்தன்று. ஆனால் நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து எல்லை கடந்து வரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் பலமுறை வெண்ணுரை பொங்க வந்ததை நாம் கண்டோம். அந்நீரில் முன்பு எத்தனை முக்குளிப்பான்கள் இருந்தன, எத்தனை புள்ளிமூக்கு வாத்துகள் இருந்தன என்று எவரேனும் கேட்டால், 'நிறைய இருந்தன' என்னும் சொல் சான்றாகாது. நாளும் எண்ணும் எழுதிய ஏடே சான்றாகும்.

ஆகவே, மாணவ நண்பர்களே, உங்கள் ஊரின் ஓர் ஏரியையோ ஒரு குன்றையோ தேர்ந்துகொள்ளுங்கள். மாதம் இருமுறை ஒரே நேரத்தில் சென்று, கண்டவற்றை எழுதுங்கள். குளிர்காலம் நெருங்கும்போது வடக்கிலிருந்து வரும் வாலாட்டிக் குருவி முதலில் தென்பட்ட நாளைக் குறியுங்கள். பாட்டியைக் கேட்டுத் தமிழ்ப் பெயரையும், அண்டை வீட்டாரைக் கேட்டுத் தெலுங்குப் பெயரையும் கன்னடப் பெயரையும் அருகே எழுதுங்கள்; சொன்னவரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். ஜெர்டன் காலத்தில் விடுபட்டுப்போனது அது ஒன்றே.