கண்ணாடிப் பேழையுள் ஒரு தோட்டம்

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, வாவிக் கரையை அணைந்து கிடக்கும் சிற்றூர் தன்னாமுனை. தென்னை நிழல் விழும் இத்தகைய வாவிக்கரை ஊர்களில் வெறும் போத்தல்களும் முற்றத்துக்கு அழகு செய்வதுண்டு. கவிழ்த்துப் புதைத்த போத்தல்கள் பூம்பாத்திக்கு வரம்பாகும். நீர் நிரப்பித் திண்ணையில் தொங்கவிட்ட போத்தலிலிருந்து மணிப்பிளாண்டுக் கொடி படர்ந்து இறங்கும். கண்ணாடியையும் செடியையும் இணைத்து மகிழும் இவ்வழக்கம் எளிய பொழுதுபோக்காகவே தோன்றும். ஆயினும், கண்ணாடிக்குள் செடி வளர்க்கும் கலை இலங்கையின் மண்ணையே மாற்றிய வரலாறு ஒன்று உண்டு.

கிழக்கு இலண்டனில் நதானியேல் வார்ட் என்னும் மருத்துவர் வாழ்ந்தார். தம் இல்லத்தில் பன்னச் செடிகளை வளர்க்க அவர் பன்முறை முயன்றார். ஆலைப் புகை அவற்றைக் கருக்கிவிட்டது. 1829 ஆம் ஆண்டளவில், அந்துப்பூச்சி வெளிவருவதைக் காண விரும்பி, கூட்டுப்புழு ஒன்றை ஈரமண் இட்ட போத்தலில் வைத்து மூடினார். சின்னாளில் அம்மண்ணில் ஒரு பன்னமும் ஒரு புல்லும் முளைத்தன. வெளியே வாடிய செடி உள்ளே தழைத்தது. நீர் வார்க்காமலே அவை ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் உயிர் வாழ்ந்தன.

இதன் காரணம் எளிது. மண்ணிலும் இலையிலும் இருந்து எழும் நீராவி கண்ணாடியில் படிந்து, துளியாகி, மீண்டும் மண்ணையே சேர்கிறது. புகையும் உப்புக்காற்றும் உள்ளே புகா. ஒளி மட்டும் தடையின்றிச் செல்கிறது.

வார்ட் பெரிய கண்ணாடிப் பேழைகளைச் செய்வித்தார். 1842 இல் அவை குறித்து நூலும் எழுதினார். 1845 இல் பிரித்தானியாவில் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டது. கண்ணாடி மலிந்தது, பன்னம் நிறைந்த பேழைகள் செல்வர் இல்லங்களின் வரவேற்பறைகளை அணிசெய்தன.

அழகுக்கு உதவிய பேழை வாணிகத்துக்கும் உதவியது. அதற்கு முன்னர் கப்பலேறிய செடிகளுள் பெரும்பாலானவை உப்புநீராலும் வறட்சியாலும் மாண்டன. 1833 இல் வார்ட் இரு பேழைகளைச் சிட்னிக்கு அனுப்பினார். பல மாதப் பயணத்தின் பின்னும் செடிகள் பசுமை குன்றாது கரைசேர்ந்தன.

இலங்கைக்கு இதனால் விளைந்த மாற்றம் 1876 இல் நிகழ்ந்தது. ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை இலண்டனை அடுத்த கியூப் பூங்காவுக்குக் கொணர்ந்தார். அவற்றுள் மிகச் சிலவே முளைத்தன. முளைத்தவற்றுள் 1,919 கன்றுகள், 38 வார்ட் பேழைகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. பத்தில் ஒன்பது பங்கு உயிரோடு வந்து சேர்ந்தன. கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடத் தோட்டத்தில் அவை நடப்பட்டன. அங்கிருந்து இறப்பர் இலங்கையெங்கும் பரவியது.

அந்நூற்றாண்டிலேயே வேறொரு பயணமும் நிகழ்ந்தது. முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்கும் உழைக்கத் தமிழகத்திலிருந்து மக்கள் வந்தனர். கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காடு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். கன்றுகளுக்குப் பேழை இருந்தது; அவற்றை வளர்க்க வந்தவர்க்கு நிழலும் இல்லை. அவர்தம் வழித்தோன்றல்களுள் பெரும்பாலோர் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையின்றி நின்றனர். எஞ்சியோர்க்கு அவ்வுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது.

இன்று வாவிக் கரையில் ஒரு சிறுவன் வாயகன்ற போத்தலில் சிறிது கூழாங்கல்லும் ஈரமண்ணும் இட்டு, பாசியும் பன்னமும் நட்டு மூடிவைக்கலாம். நேர்வெயில் படாத இடமே அதற்கு ஏற்றது. வெயிலில் கண்ணாடி சூடேறிச் செடியை அவித்துவிடும். காலையில் கண்ணாடியின் உட்புறத்தே பனித்துளி அரும்பும்போது, அவன் வார்ட் கண்ட அதே காட்சியைக் காண்பான். பெரியோர் அருகிருந்து, அக்கண்ணாடியின் துணையால் கடல் கடந்து வந்த கன்றுகளின் கதையைச் சொல்லட்டும். எத்துணையுமின்றி நடந்து வந்த மக்களின் கதையையும் சேர்த்தே சொல்லட்டும்.