அவைக் குறிப்பில் ஏறிய பெயர்கள்

2016 மார்ச் 8 அன்று பிரித்தானியாவின் காமன்ஸ் சபையில் அனைத்துலகப் பெண்கள் நாள் விவாதம் நடந்தது. பர்மிங்காம் யார்ட்லி தொகுதியின் தொழிற்கட்சி உறுப்பினர் ஜெஸ் ஃபிலிப்ஸ் எழுந்து 120 பெண்களின் பெயர்களை வாசித்தார். முந்தைய ஓராண்டில் கொல்லப்பட்டவர்கள் அவர்கள். ஒவ்வொரு வழக்கிலும் ஓர் ஆண் தண்டிக்கப்பட்டிருந்தான், அல்லது முதன்மைக் குற்றவாளியாகக் குற்றஞ்சாட்டப்பட்டிருந்தான். ஃபிலிப்ஸ் கொன்றவர்களின் பெயரைச் சொல்லவில்லை, கொலை நடந்த விதத்தையும் விவரிக்கவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் இதே வாசிப்பைத் தொடர்ந்தார்.

இதை ஓர் இரங்கல் நிகழ்வாகவே பத்திரிகைகள் எழுதின. சபையும் அப்படித்தான் கேட்டது. அந்த வாசிப்பு அரசின் மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டு என்பதே என் வாதம். இரங்கலுக்கு மௌனம் போதும். குற்றச்சாட்டுக்கு யாராவது எழுந்து பதில் சொல்லியாக வேண்டும். பட்டியலை மரியாதையோடு கேட்கப் பழகிக்கொண்ட சபை, பதில் சொல்லும் கடமையிலிருந்து தன்னை விடுவித்துக்கொண்டது.

பட்டியல் எப்படிப் பிறந்தது என்பதிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. அதைத் தொகுத்தவர் கேரன் இங்கலா ஸ்மித். கிழக்கு லண்டனில் வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கான அமைப்பொன்றை நடத்தி வந்தவர். 2012ஆம் ஆண்டின் முதல் மூன்று நாட்களிலேயே எட்டுப் பெண்கள் ஆண்களால் கொல்லப்பட்டதைக் கண்டு எண்ணத் தொடங்கினார். இப்படிப்பட்ட கொலைகளைத் தனிப்பட்ட சம்பவம் என்றும், பொதுமக்கள் அஞ்சத் தேவையில்லை என்றும் காவல்துறை அறிவிப்பது வழக்கம். ஆண்டுக்கு நூறுக்கு மேல் நிகழும் ஒன்று எப்படித் தனிப்பட்ட சம்பவமாகும்? அந்தக் கேள்வியிலிருந்தே எண்ணிக்கை வளர்ந்து, பின்னர் ஒரு முறையான கணக்கெடுப்பாகவும் ஆனது. துயரத்தைப் பதிவு செய்வதைவிட, அரசு கூட்டிப் பார்க்க மறுத்த கணக்கைக் கூட்டிக் காட்டுவதே இதன் முதல் நோக்கமாக இருந்தது.

சபையில் இந்தக் கணக்கு எடுத்த வடிவத்தையும் கவனிக்க வேண்டும். எழுதி வந்த உரையை அப்படியே வாசிப்பதைக் காமன்ஸ் மரபு விரும்புவதில்லை. குறுக்கீடு, மறுப்பு, கிண்டல் ஆகியவற்றுக்கு இடையே உறுப்பினர் பேசித் தீர்ப்பதுதான் அங்கே மதிக்கப்படும் கலை. ஃபிலிப்ஸ் அந்தக் கலையை அந்தச் சில நிமிடங்களுக்குக் கைவிட்டார். பெயர்களை மட்டும் வாசித்ததால் மறுத்துப் பேச ஒரு வாக்கியம்கூட இல்லை, சமாதானம் சொல்லப் பிடி கிடைக்கவில்லை. நாடாளுமன்றத்தில் பேசப்பட்டதை எந்த நீதிமன்றமும் கேள்விக்கு உட்படுத்த முடியாது என்பது 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் தந்த பாதுகாப்பு. அதிகாரமுள்ளவர்கள் பலமுறை ஒளிந்துகொண்ட அந்தப் பாதுகாப்புக்குள், வீட்டிலும் தெருவிலும் எந்தப் பாதுகாப்பும் கிடைக்காமல் இறந்த பெண்களை அவர் கொண்டுவந்தார். நாடாளுமன்ற உரைகளின் ஹன்சாட் பதிவேட்டில் பிரதமர்களின் சொற்களுக்குப் பக்கத்தில் அந்தப் பெயர்கள் அச்சாயின. ஒரு நாடாளுமன்ற உறுப்பினரால் மட்டுமே செய்யக்கூடிய காரியம் இது. ஊர்வலத்தில் செல்பவராலும் கட்டுரை எழுதுபவராலும் இயலாதது.

இதற்குச் சபை தந்த மறுமொழியை நெருங்கிப் பார்க்க 2021 மார்ச் உதவுகிறது. மார்ச் 3 இரவு, தெற்கு லண்டனில் தோழி வீட்டிலிருந்து நடந்து திரும்பிக்கொண்டிருந்த 33 வயதுப் பெண் ஒருவர் காணாமல் போனார். மார்ச் 11 அன்று ஃபிலிப்ஸ் 118 பெயர்களை வாசித்தார். அதற்குள் லண்டன் மாநகரக் காவல்துறையைச் சேர்ந்த அலுவலர் ஒருவர் கைதாகியிருந்தார். பட்டியலில் இன்னும் ஏறாத ஒரு பெண்ணை எல்லோரும் மனத்தில் வைத்துக்கொண்டு கேட்ட வாசிப்பு அது.

மார்ச் 13 அன்று கிளாப்பம் காமன் பூங்காவில், கொல்லப்பட்டிருந்த அந்தப் பெண்ணின் அஞ்சலிக்காகக் கூடிய பெண்களில் சிலரைக் கொரோனா விதிகளைக் காட்டிக் காவலர்கள் விலங்கிட்டு இழுத்துச் சென்றனர். அந்தக் கூட்டத்தை முதலில் திட்டமிட்ட பெண்களின் பேச்சுரிமையையும் கூடும் உரிமையையும் காவல்துறை மீறியது என்று ஓராண்டு கழித்து உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மார்ச் 15 அன்று, தெருவிளக்குகளுக்கும் கண்காணிப்புக் கேமராக்களுக்கும் கூடுதலாக இரண்டரைக் கோடி பவுண்டு ஒதுக்குவதாக அரசு அறிவித்தது. அதே நாளில் சபை விவாதிக்கத் தொடங்கிய காவல், குற்றத் தண்டனை மசோதாவில், நினைவுச் சின்னங்களைச் சேதப்படுத்துவதற்கான உச்சத் தண்டனை பத்தாண்டாக உயர்த்தப்பட்டிருந்தது. பெண்களைவிடச் சிலைகளைப் பற்றியே மசோதா அதிகம் கவலைப்படுகிறது என்று எதிர்க்கட்சியினர் சொன்னபோது அதில் மிகை ஒன்றும் இல்லை.

விளக்கும் கேமராவும் என்ற பதில் எவ்வளவு பொருந்தாதது என்பது வழக்கு விசாரணையில் வெளிப்பட்டது. அந்தப் பெண் சென்றது விளக்கு எரிந்த பெரிய சாலை. கேமராக்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. வெய்ன் கஸன்ஸ் என்ற அந்தக் காவலர் தன் அடையாள அட்டையைக் காட்டி, ஊரடங்கு விதியை மீறியதாகச் சொல்லி, கைவிலங்கு பூட்டி அவரைக் காரில் ஏற்றினார். அவரை இருட்டு ஏமாற்றவில்லை, அரசின் முத்திரை ஏமாற்றியது. அந்த முத்திரையை அவன் கையில் கொடுத்தது யார், கொடுத்த பின் கண்காணிக்காமல் விட்டது யார் என்பதே சபை கேட்டிருக்க வேண்டிய கேள்வி. 2015இல் கெண்ட் பகுதியில் இடுப்புக்குக் கீழே ஆடையில்லாமல் கார் ஓட்டியதாக அவன்மீது புகார் வந்தது; முறையாக விசாரிக்கப்படவில்லை. கடத்தலுக்குச் சில நாட்களுக்கு முன்புகூட, உணவகம் ஒன்றின் ஊழியர்கள் இதேபோன்ற ஆபாசச் செயலைப் புகார் செய்திருந்தனர். அவன் ஒருநாளும் காவலராகியிருக்கவே கூடாது என்று எலிஷ் ஆஞ்சியோலினி தலைமையிலான விசாரணை 2024 பிப்ரவரியில் அறிவித்தது. பெண்கள் முன்கூட்டியே சொன்னார்கள். கேட்க வேண்டியவர்கள் அதை அற்பமான தொல்லை என்று ஒதுக்கினார்கள்.

இங்கே ஒரு மறுப்புக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 2009 முதல் 2018 வரை ஆண்களால் கொல்லப்பட்ட 1,425 பெண்களில் 62 விழுக்காட்டினரைக் கொன்றவர்கள் கணவன், காதலன் அல்லது முன்னாள் துணைவன். முன்பின் தெரியாதவனால் கொல்லப்பட்டவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. எனவே தெருவில் நடக்கும் வன்முறையை முன்னிறுத்துவது வீட்டுக்குள் நடப்பதை மறைத்துவிடும் என்பர் சிலர். அந்தக் கவலையில் நியாயம் உண்டு. ஒரே ஒரு பெண்ணின் படம் எல்லா முகப்புப் பக்கங்களையும் நிறைத்த வாரத்தில் மற்ற 118 பேர் ஒரு பத்தியாகச் சுருங்கினர். ஆனால் ஃபிலிப்ஸின் பட்டியல் அந்தப் பிரிவினையையே ஏற்பதில்லை. மகன் கொன்ற தாயும் அயலான் கொன்ற மாணவியும் அதில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். வீட்டில் அடிப்பவனைக் குடும்ப விவகாரம் என்று விட்டுவிடுவதும், தெருவில் ஆடை களைந்து காட்டுபவனைக் கிறுக்கன் என்று விட்டுவிடுவதும் ஒரே அலட்சியத்தின் இரண்டு வேலைகள். சாண்ட்வெல்லில் பெண்களுக்கான அடைக்கல அமைப்பில் பணியாற்றிய பிறகே அரசியலுக்கு வந்தவர் ஃபிலிப்ஸ். இந்தத் தொடர்பு அவருக்கு ஏட்டறிவாக வந்ததாக இருக்க முடியாது.

பட்டியலின் உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. இறந்தவர்களை மட்டுமே அதனால் எண்ண முடியும். பேருந்தில் உரசப்பட்டவரும் வீடு வரை பின்தொடரப்பட்டவரும் எந்த வாசிப்பிலும் வரமாட்டார்கள். அவர்களுக்காகச் சட்டம்தான் பேச வேண்டும். அந்தப் பேச்சு எவ்வளவு தடுமாறியது என்பதற்கு 2018 ஜூன் 15 சாட்சி. ஒரு பெண்ணின் பாவாடைக்கு அடியில் அவர் அறியாமல் படம் எடுப்பதைத் தனிக் குற்றமாக்கும் வேரா ஹாப்ஹவுஸின் தனிநபர் மசோதா அன்று விவாதமின்றி முன்னேற வேண்டியது. கன்சர்வேடிவ் உறுப்பினர் கிறிஸ்டோபர் சோப் எழுப்பிய ஒற்றைச் சொல் ஆட்சேபம் அதை நிறுத்தியது. தனிநபர் மசோதாக்கள் உரிய விவாதமின்றி நிறைவேறுவதைக் கொள்கை அளவில் எதிர்ப்பதாக அவர் விளக்கினார். அவருடைய சொந்தக் கட்சியினரே வெட்கமென்று குரலெழுப்ப, அரசே பொறுப்பேற்று 2019இல் சட்டமாக்கியது. சபை முறைமைக்கும் ஒரு பெண்ணின் உடலுக்கும் இடையே தேர்வு வந்தபோது முறைமையைத் தேர்ந்தவரை நான் தனியொருவராகப் பார்க்கவில்லை. அந்த முறைமை அத்தகைய தேர்வுக்கு இடம் தந்ததே முக்கியம்.

2023 செப்டம்பரில், பொது இடத்தில் பாலினத்தின் காரணமாக வேண்டுமென்றே ஒருவரைத் துன்புறுத்துவதற்கு இரண்டாண்டு வரை சிறை என்ற சட்டம் அரச ஒப்புதல் பெற்றது. முன்மொழிந்தவர் கன்சர்வேடிவ் உறுப்பினர் கிரெக் கிளார்க். காமன்ஸில் எவரும் எதிர்க்கவில்லை. ஊர் முழுக்கப் பாராட்டு. ஆனால் அது நடைமுறைக்கு வரும் நாளைக் குறிக்கும் அதிகாரம் அரசிடம் விடப்பட்டது. குறிக்கப்படாத நாளுக்காகச் சட்டம் காத்துக் கிடந்தது.

2024 ஜூலையில் ஜெஸ் ஃபிலிப்ஸ் உள்துறையில் பெண்கள் மீதான வன்முறைக்குப் பொறுப்பான அமைச்சரானார். பத்தாண்டுகளில் அந்த வன்முறையைப் பாதியாகக் குறைப்போம் என்பது அவருடைய அரசின் வாக்குறுதி. அமைச்சரான பிறகும் அவர் பட்டியலை வாசித்தார். ஆனால் அப்போது குற்றச்சாட்டைப் படித்தவரும் பதில் சொல்ல வேண்டியவரும் ஒருவராகவே இருந்தார். சிறுமியர் மீதான கூட்டுப் பாலியல் கொடுமைகளை ஆராயும் தேசிய விசாரணையின் ஆலோசனைக் குழுவிலிருந்து 2025 அக்டோபரில் பாதிக்கப்பட்ட பெண்கள் சிலர் விலகி, அவர் பதவி விலக வேண்டுமென்றும் கேட்டனர். அவர்கள் அவரை எதிரியாக்கிவிட்டார்கள் என்று வருந்துவது தவறு. அவர் எந்த இடத்தை நோக்கி ஆண்டுதோறும் பேசினாரோ, அந்த இடத்தை நோக்கித்தான் அவர்களும் பேசினார்கள். அவர் பொறுப்பேற்ற நாளில், தெருத் தொல்லைக்கு எதிரான 2023ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. அதற்கு நாள் குறிக்க வேண்டியிருந்தது அவருடைய துறைதான்.